துளைவழிச் சத்திரசிகிச்சையும் நாயின் உடலும்

பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்ய இரண்டு வழிகள் உண்டு. வயிற்றைக் கீறிச் செய்வது ஒன்று. நம் கிராமங்களில் பெரும்பாலும் நடப்பது இதுவே. மற்றையது, இரண்டு அல்லது மூன்று சிறு துளைகள் இட்டு, கமரா பொருத்திய குழாயையும் மெல்லிய கருவிகளையும் உட்செலுத்திச் செய்வது. இதனை லப்பரொஸ்கோப்பி என்பர். விலைகூடிய கருவிகளும் தனிப் பயிற்சியும் வேண்டியிருப்பதால், வசதியுள்ள மிருக வைத்தியசாலைகளிலேயே இது நடைபெறுகிறது.

காயம் சிறிது, ஆகவே உடல் படும் பாடும் சிறிது என்று நாம் எண்ணிவிடுகிறோம். அது பாதி உண்மையே.

வயிற்றினுள் உறுப்புகள் நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றைப் பார்க்க இடைவெளி வேண்டும். அதற்காக வயிற்றறைக்குள் வாயுவைச் செலுத்தி ஊதச் செய்கிறார்கள். 1901ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் கேயோர்க் கெல்லிங் என்ற வைத்தியர் இம்முறையை முதன்முதலில் செய்து காட்டியதும் ஒரு நாயிலேயே. அவர் வடிகட்டிய காற்றைப் பயன்படுத்தினார். இன்று பயன்படுவது காபனீரொட்சைட்டு. அது தீப்பற்றாது, குருதியில் எளிதில் கரைந்து சுவாசத்தோடு வெளியேறும். நாய்களில் வழக்கமான அழுத்தம் 8 முதல் 12 மில்லிமீற்றர் இரசம். வாளியில் 16 சென்றிமீற்றர் ஆழத்துக்கு நீர் இருந்தால் அடியில் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ, 12 மில்லிமீற்றர் இரசம் என்பது ஏறக்குறைய அவ்வளவு.

இந்த அழுத்தம் என்ன செய்கிறது? நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகட்டை அது மேலே தள்ளுகிறது. நுரையீரல் விரிய இடம் குறைகிறது. அதே வேளையில் குருதியில் கரைந்த வாயு, அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. வழக்கத்தைவிட அதிகமாக மூச்சுவிட்டு அதை வெளியேற்ற வேண்டிய நேரத்தில், மயக்கத்திலுள்ள நாய் குறைவாகவே மூச்சுவிடுகிறது. ஆகவே பொறியின் உதவியுடன் மூச்சுக் கொடுக்கிறார்கள்.

அழுத்தம் கூடினால் வயிற்றிலுள்ள பெருநாளம் நசுங்கி, இதயத்துக்குத் திரும்பும் குருதி குறையும். சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியும் குறையும். வயிற்றுச் சவ்வு திடீரென இழுபட்டால் இதயத் துடிப்பு மந்தமாகலாம். குளிர்ந்த, உலர்ந்த வாயு உடற்சூட்டையும் குறைக்கும்.

ஆரோக்கியமான நாய் இவற்றைத் தாங்கிக்கொள்ளும். வாயுவை வெளியேற்றியதும் உடல் பழைய நிலைக்குத் திரும்பும். சிறு காயமானபடியால் நோவு குறைவு. நாய் விரைவில் எழுந்து நடமாடும். இது பெரிய நன்மை. ஆனால் இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ள நாய்க்கு அந்தச் சுமை ஆபத்தாகலாம்.

இடம்பெயர்ந்து வாழும் நமக்கு இங்கே ஒரு பொறுப்பு உண்டு. நாயைக் குட்டியிலிருந்து அறிந்த மிருக வைத்தியர் இப்போது அருகில் இல்லை. அதன் வருத்தங்களை எழுதிய துண்டும் நம் கையில் இல்லாமல் இருக்கலாம். நாம் சொல்வதே புதிய வைத்தியருக்குக் கிடைக்கும் தகவல். இருமல் உண்டா, ஓடினால் இளைக்கிறதா, மயங்கி விழுந்ததா, சினையாக இருக்கிறதா என்பவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வயிற்றைக் கீறிச் செய்வதானாலும் இது பொருந்தும்.

வைத்தியர் குறித்த நேரத்தின் பின் உணவு கொடுக்கக்கூடாது. வயிறு அழுத்தப்படும்போது உணவு மேலெழுந்து சுவாசக் குழாய்க்குள் போய்விடலாம். சத்திரசிகிச்சைக்கு முன் நாயைச் சிறுநீர் கழிக்க விடவேண்டும். நிரம்பிய சிறுநீர்ப்பையில் கருவி குத்திவிடக்கூடும். வீட்டுக்கு வந்ததும் சூடான, உலர்ந்த இடத்தில் படுக்க வைப்போம். காயம் ஆறும்வரை, ஏறக்குறைய 10 நாட்கள், ஓடவும் காயத்தை நக்கவும் விடக்கூடாது. மூச்சுத் திணறல், வெளிறிய முரசு, வீங்கும் வயிறு, தொடர்ந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதியாமல் வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

தையலின் நீளத்தைப் பார்த்து நாயின் நிலையை மதிப்பிடாதிருப்போம். அது மூச்சுவிடும் விதத்தைப் பார்ப்போம்.