பின்சீட்டுக்கு அடியில் 'ஙொய்ங்' சத்தமா? பழைய டர்போ காரின் ஃபியூல் பம்ப் என்ன சொல்கிறது?

சேலம் பக்கம் இளம்பிள்ளையில் பகலில் நின்று காரின் சத்தத்தைக் கேட்பது லேசான காரியமில்லை. தெருவுக்குத் தெரு சேலை நெய்யும் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் தறி ஓட்டுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். பத்து தறி ஒன்றாக ஓடினாலும், ஒரு தறியின் தாளம் மாறினால் அவர் காது உடனே பிடித்துவிடும்.

பழைய டர்போ கார் வைத்திருப்பவருக்கும் அந்தக் காதுதான் தேவை. காக்காபாளையம் வழியாக பைபாஸ் ஏறி ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள். பின்சீட்டுக்கு அடியிலிருந்து தேனீ ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம். வண்டி இழுக்கவும் மாட்டேங்குது. அது என்ன, எப்போது பயப்பட வேண்டும், எதற்குப் பணம் செலவழிக்க வேண்டும்? பார்க்கலாம்.

டர்போ காருக்கு மட்டும் ஏன் தனிக் கவனம்?

2013-ல் சென்னை மறைமலைநகர் ஆலையிலிருந்து வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட் ஈகோபூஸ்ட், அதே ஆண்டு வந்த ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ போன்றவை நம் ஊர் ரோடுகளில் சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜினைப் பழக்கப்படுத்தின. இன்று அவற்றுக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. பல வண்டிகள் இரண்டாவது, மூன்றாவது கைக்கு மாறிவிட்டன.

டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி. காற்று கூடினால் பெட்ரோலும் அதே கணக்கில் கூட வேண்டும். பம்ப் தளர்ந்துபோய் பெட்ரோல் குறைந்தால், கலவை 'லீன்' ஆகிவிடும். சூடு ஏறும், இன்ஜின் 'நாக்' ஆகும், மோசமான நிலையில் பிஸ்டனே உருகலாம். சாதா காரில் இதே கோளாறு பெரும்பாலும் வெறும் பிக்கப் குறைவோடு நின்றுவிடும். டர்போவில் இன்ஜினுக்கே உலை வைக்கும். அதனால்தான் இந்தச் சத்தத்தை 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று விடக் கூடாது.

எந்தச் சத்தம் சாதாரணம்?

சாவியை ஆன் செய்ததும் பின்பக்கம் ஓரிரு நொடி 'ம்ம்ம்' என்று கேட்டு நின்றால் கவலை வேண்டாம். டேங்குக்குள் இருக்கும் மின் பம்ப், பைப்பில் அழுத்தம் ஏற்றுகிற சத்தம் அது.

பானெட்டுக்குள் 'டிக் டிக்' என்று கேட்கிறதா? டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ கார்களில் இரண்டு பம்புகள் உண்டு. டேங்குக்குள் ஒன்று, இன்ஜின் மேல், கேம்ஷாஃப்ட் சுற்றி இயக்கும் ஹை பிரஷர் பம்ப் இன்னொன்று. முதல் பம்ப் சில பார் அழுத்தத்தில் அனுப்புவதை, இரண்டாவது நூறு பாருக்கும் மேலே ஏற்றும். அதுவும் இன்ஜெக்டர்களும் சேர்ந்து டிக்டிக் சத்தம் தருவது இயல்பு. திடீரென அது பலமானால் மட்டும் கவனியுங்கள்.

எது ஃபியூல் பம்ப், எது வேறு?

இந்த நான்கையும் மனசில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது:

• இன்ஜின் வேகம் ஏறினாலும் இறங்கினாலும் பின்பக்கம் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் ரீங்காரம்: டேங்க் பம்ப் மீது சந்தேகம். (சில கார்களில் இன்ஜின் கேட்கும் அளவுக்கேற்ப பம்ப் வேகம் மாறும், அங்கே சுருதி கொஞ்சம் மாறலாம்.)
• ஆர்பிஎம் ஏற ஏற முன்பக்கம் சுருதியும் ஏறினால்: ஆல்டர்னேட்டர் அல்லது பெல்ட் புல்லி பேரிங்.
• ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் 'உஸ்ஸ்' என்று காற்று சத்தம்: டர்போ ஹோஸ் எங்கோ கசிகிறது.
• மிதிக்கும்போது சைரன் மாதிரி விசில்: டர்போவையே பார்க்க வேண்டும்.

பம்ப் ஏன் கத்துகிறது?

முதல் காரணம், நம்ம பழக்கம். டேங்கில் இருக்கும் பெட்ரோல்தான் பம்பைக் குளிர வைக்கிறது. எப்போதும் ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டினால், பம்ப் சூடாகித் தேயும். கால் டேங்குக்குக் கீழே போகவிடாமல் இருப்பது நல்லது.

இரண்டாவது, அழுக்கு. பல வருட வண்டியின் டேங்கில் படிவுகள் இருக்கும். பம்பின் வாயில் இருக்கும் வலை அடைத்துக்கொண்டால், பம்ப் மூச்சுத் திணறிக் கத்தும். எத்தனாலுக்குப் பழைய படிவுகளைக் கரைக்கும் குணமும், ஈரத்தை இழுக்கும் குணமும் உண்டு. நாட்டில் இ20 பெட்ரோல் விற்பனை 2023 பிப்ரவரியில் தொடங்கியது. அதற்கு முந்தைய கார்களில் பல இ10 வரை மட்டுமே கணக்கிட்டுத் தயாரானவை. உங்கள் கார் எது வரை தாங்கும் என்று மேனுவலில் பாருங்கள். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டிக்குக் கூடுதல் கவனம் தேவை.

மூன்றாவது, மின்சாரம். ரிலே, வயர், எர்த் எது தளர்ந்தாலும் பம்புக்கு வோல்டேஜ் குறையும். பம்ப் நல்லா இருந்தும் வேலை செய்யாது.

நான்காவது, பம்பே தேய்ந்துபோவது. தயாரிப்புக் குறையும் நடக்கும். 2020 ஜூலையில் மாருதி சுஸுகி, ஃபியூல் பம்ப் கோளாறு சாத்தியத்துக்காக 1,34,885 வேகன் ஆர், பலேனோ கார்களைத் திரும்ப அழைத்தது. 2024 அக்டோபரில் ஹோண்டா, பம்பின் இம்பெல்லர் குறைக்காக 90,468 கார்களுக்கு இலவச மாற்றம் அறிவித்தது. இவை டர்போ அல்ல; ஆனால் பாடம் ஒன்றுதான். பம்புக்குப் பணம் கட்டும் முன், தயாரிப்பாளரின் இணையதளத்தில் உங்கள் சேசிஸ் எண்ணைப் போட்டு ரீகால் இருக்கிறதா என்று பாருங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியவரும் பார்க்கலாம்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்கலாம்?

'பம்பு போச்சு, மாத்திடலாம்' என்று முதல் வார்த்தையிலேயே சொன்னால் கொஞ்சம் நிறுத்துங்கள். செலவு குறைந்ததிலிருந்து இந்த வரிசையில் போகச் சொல்லுங்கள்:

1. டேங்கை முக்கால் வரை நிரப்பிக் கேளுங்கள். சத்தம் குறைகிறதா?
2. ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். பி0087 என்றால் ரெயில் அழுத்தம் குறைவு. பி0171 என்றால் கலவை லீன். இரண்டாவதற்குக் காற்றுக் கசிவும் காரணமாக இருக்கலாம்.
3. இன்ஜின் ஓடும்போது பம்பின் கனெக்டரில் வோல்டேஜ் அளக்கச் சொல்லுங்கள். பேட்டரி வோல்டேஜைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரிங், ரிலேதான் முதல் சந்தேகம்.
4. ஃபியூல் ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது?
5. அழுத்தத்தை ஐடிலில் மட்டுமல்ல, வண்டி இழுக்கும்போதும் அளக்க வேண்டும். நிற்கும்போது சரியாக இருந்து, டர்போ வேலை செய்யும்போது விழுந்தால்தான் பம்ப் அல்லது ஃபில்டர் என்று உறுதி.

இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை பலமாக அடித்தால், ஹை பிரஷர் பம்பின் சீல் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்களுடையது டீசல் டர்போவா? ஃபில்டரில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, பைப்பில் காற்று புகுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நானே கழற்றலாமா?

கேட்பது, கவனிப்பது, ஸ்கேனர் போடுவது வரை தாராளமாகச் செய்யலாம். பைப்பைக் கழற்றுவது வேண்டாம். பின்சீட்டைத் தூக்கி பம்ப் மூடியைத் திறந்தாலே பெட்ரோல் ஆவி வண்டிக்குள் நிறையும். ஒரு சின்னப் பொறி போதும். ஹை பிரஷர் பைப்பில் இருந்து பீய்ச்சும் எரிபொருள் தோலைத் துளைத்து உள்ளே போகும். டீசல் காமன் ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும் என்பதால் ஆபத்து இன்னும் அதிகம்.

ஓட்டும்போது சத்தத்தோடு இழுவை குறைந்து, செக் இன்ஜின் விளக்கும் எரிந்தால் ஓவர்டேக் முயற்சி வேண்டாம். ஆக்சிலரேட்டரை விட்டு, ஓரம் கட்டுங்கள். விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் அங்கிருந்து டோ செய்வதுதான் சரி. டோ செலவைப் பார்த்துத் தயங்காதீர்கள். இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கும் செலவு அதைவிடப் பல மடங்கு.

தறியில் ஒரு நூல் அறுந்ததும் நிறுத்தினால், முடிச்சுப் போட்டு மேலே ஓட்டலாம். கவனிக்காமல் ஓடவிட்டால் சேலையே வீண். டர்போ கார் விஷயமும் அவ்வளவுதான்.