அண்ணாவியாரும் இயக்குநரும்

ஒருவர் பாடுகிறார், ஒருவர் ஆடுகிறார், ஒருவர் முழவு கொட்டுகிறார். இம்மூன்றையும் ஒரு நோக்கிற் பிணித்துக் காண்போர் கண்முன் நிறுத்துபவர் வேறொருவர். அவர் முகம் திரையிலே தோன்றுவதில்லை. பெயர் மட்டும் நிகழ்ச்சி முடிவில் விரைந்து ஓடி மறையும். தொலைக்காட்சியில் இசை நிகழ்ச்சிகளையும் கலை நிகழ்ச்சிகளையும் ஆக்கியளிக்கும் இயக்குநரையே ஈண்டுக் குறிக்கின்றேன். கட்டுப்பாட்டறையிற் பல சிறு திரைகளை நோக்கியவாறு, எந்தக் கமராவின் காட்சி இக்கணம் வீடுகளுக்குச் செல்லவேண்டும் என ஆணையிடுவதே அவர் தொழில். இத்தொழில் தமிழ் மக்களுக்கு முற்றும் புதியதோ? அன்று என்பதே என் துணிபு.

சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையைக் கற்றோர் இதனை எளிதில் உணர்வர். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர்க்கும் வேண்டிய தகுதிகளை இளங்கோவடிகள் தனித்தனியே வகுத்துரைக்கின்றார். அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என அளவு கூறுகின்றார். மூவகை எழினிகளைச் சொல்லுகின்றார். தூண்களின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கு அமைத்தலையும் மறந்தாரல்லர். இன்றைய ஒளியமைப்பாளர் கவலையும் அதுதானே! காரைதீவு தந்த விபுலானந்த அடிகள் 1947இல் அரங்கேற்றிய யாழ்நூலுக்கு இக்காதையே ஊற்றாயிற்று என்பதை நம் மாணவர் அறிவர்.

ஏட்டிற் கண்ட இவ்விலக்கணத்தை நாட்டிற் காண விரும்புவோர் மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் உள்ள ஊர்களுக்கு வரல்வேண்டும். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகள் வழிவழியாக ஆடப்பட்டு வருகின்றன. அவற்றை ஆட்டுவிப்பவர் அண்ணாவியார். ஆளுக்கேற்ற பாத்திரம் தெரிந்து சட்டங்கொடுப்பவர் அவரே. தாளக்கட்டும் பாட்டும் பயிற்றி, மாதக்கணக்கிற் பழக்கி, சதங்கை அணிவித்து, அரங்கேற்றுபவரும் அவரே. வட்டக்களரியின் நடுவே மத்தளத்தோடு நின்று, வரவின் விரைவையும் போரின் வேகத்தையும் அழுகையின் தளர்ச்சியையும் தம் விரல்களால் நடத்துவார். இயக்குநர், இசையமைப்பாளர், ஆடலாசிரியர் மூவரும் ஓருருக்கொண்டால் அவரே அண்ணாவியார்.

இக்கலை நகர மேடைக்கு வந்த வரலாறு சுவையானது. 1956ஆம் ஆண்டு எதிரிவீர சரச்சந்திரர் ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகம என்னும் வடிவம் அதனாற் சிங்கள அரங்கிலே புதுவாழ்வு பெற்றது. அவர் பணியாற்றிய பேராதனையிலேயே பேராசிரியர் சு. வித்தியானந்தனும் தமிழ்க் கூத்தைக் கையிலெடுத்தார். ‘கர்ணன் போர்’ 1962இலும், ‘நொண்டி நாடகம்’ 1963இலும், பின்னர் ‘இராவணேச’னும் ‘வாலிவதை’யும் அரங்கு கண்டன. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் ஆட்டம் பழக்கினார். ‘இராவணேச’னை எழுதி, இராவணனாகவும் ஆடியவர் மட்டக்களப்பு அமிர்தகழியைச் சேர்ந்த மாணவர் சி. மௌனகுரு. பின்னாளிற் பேராசிரியரான அவர், கூத்தாடியாகத் தொடங்கி, எழுத்தாளராய், நெறியாளராய், ஆய்வாளராய் வளர்ந்தார். ‘இராவணேச’னைப் பன்முறை புதுக்கி மேடையேற்றினார். கூத்தின் ஆட்டத்தைத் தொழிலாளர் எழுச்சிக்கு உரிய மொழியாக்கிய ‘சங்காரம்’ என்னும் நாடகமும் அவரதே. களரியில் இறங்கி ஆடிய கால்களே நெறியாளர்க்கு முதற் கல்வி என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

பேராதனையில் நிகழ்ந்த மாற்றம் யாது? விடியவிடிய ஆடிய கூத்து ஓரிரு மணி நேரத்துள் அடங்கிற்று. நாற்புறமும் இருந்து பார்த்த களரி, ஒரு முகமாகப் பார்க்கும் மேடையாயிற்று. அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் களரி நடுவினின்றும் மேடையின் ஓரத்துக்குப் பெயர்ந்தனர். இதனாற் பெற்ற நன்மை பெரிது. நாட்டார் ஆட்டம் என்று புறந்தள்ளிய கற்றோர், அதன் பெருமையைக் கண்டு வியந்தனர். வித்தியானந்தன் அதனைச் சுருக்காது விட்டிருப்பின் நகரத்தார் அதனைப் பார்த்தேயிரார். ஆயினும் சுருக்கியவர் கூத்தை அறிந்து சுருக்கினார். அண்ணாவியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுருக்கினார் என்பதை நாம் மறத்தலாகாது.

இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் தோன்றியது. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. மேடை செய்த மாற்றத்தினும் பெரியதொரு மாற்றத்தைத் திரை செய்தது. களரியைச் சூழ்ந்திருப்போருள் ஒருவர் கர்ணனின் முகத்தைப் பார்ப்பார்; மற்றொருவர் அவன் கால்களைப் பார்ப்பார்; சிறுவன் மத்தளத்தையே பார்த்திருப்பான். பார்வை அவரவர் உரிமை. திரையிலோ எல்லார்க்கும் கண் ஒன்றே. அஃது இயக்குநரின் கண்.

அண்மையில் எம் வகுப்பு மாணவர்க்கு ஒரு கூத்தின் ஒளிப்பதிவைக் காட்டினேன். உடைகள் மின்னின, முகங்கள் அருகில் வந்தன. முடிவில் ஒரு மாணவி எழுந்து, “ஐயா, மத்தளம் கேட்குது, அடிக்கிறவர் எங்கே?” என்று வினவினாள். மீண்டும் ஓடவிட்டுப் பார்த்தோம். முழுப் பதிவிலும் அண்ணாவியார் ஒருமுறையேனும் தோன்றினாரல்லர். ஆடுவோரின் கால்களும் இடுப்புக்குக் கீழே வெட்டுண்டு போயின. தாளக்கட்டு முடிந்து கால் தீர்மானம் வைக்குமிடத்தில், படமோ கிரீடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. கூத்தின் உயிர் காலில் உள்ளது என்பதை அறியாத கண் அது.

குறை கருவியினுடையது அன்று. பல கமராக்கள் இருப்பின், ஒன்று வட்டம் முழுவதையும் நோக்கலாம். ஒன்று கால்களைத் தொடரலாம். ஒன்று அண்ணாவியாரின் விரல்களை விட்டு நீங்காதிருக்கலாம். வரவுத்தாளம் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை அறிந்த இயக்குநரே காட்சியை உரிய கணத்தில் மாற்ற வல்லவர். மேல்நாட்டு இசையை ஒளிபரப்பும் இயக்குநர் இசைக்குறிப்பைத் தம்முன் வைத்துக்கொண்டே எந்த வாத்தியம் அடுத்து எழும் என்பதை முன்னறிந்து பணிபுரிகின்றார். நம் இயக்குநர் முன் கூத்தின் ஏடு இருத்தல் வேண்டாமா?

கைத்தொலைபேசியே கமராவாகிவிட்ட இந்நாளில், ஒவ்வொரு மாணவரும் ஓர் இயக்குநரே. அவர்கட்கு யான் கூறுவது இதுவே: ஊரில் அடுத்த கூத்துப் பழக்கம் தொடங்கும்போது, கருவியைப் பைக்குள் வைத்துவிட்டுச் சிலநாள் களரியோரம் இருந்து தாளத்தைக் காதாற் கேளுங்கள். தருக்களை எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஆட்டம் எந்தத் தாளத்துக்குரியது என அண்ணாவியாரையே கேளுங்கள். அதன்பின் கருவியை எடுங்கள். முதற்காட்சியில் அவரைக் காட்டுங்கள்.