வைக்கோலுக்கு ஜிபே பண்றதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு

உங்க ஊர் ஒரத்தநாடு பக்கமோ பாபநாசம் பக்கமோ இருந்து, நீங்க சென்னையில வேலை பார்த்தா இந்த போன் கண்டிப்பா வந்திருக்கும்: "தம்பி, மாட்டுக்கு வைக்கோல் தீர்ந்துபோச்சு, கொஞ்சம் பணம் போட்டு விடு." நாமளும் யோசிக்காம அனுப்பிடுவோம். எதுக்கு அனுப்புறோம்? பாதி நேரம் தண்ணிக்கு!

ஒரு உதாரணம் பாருங்க. சரியா காயாத வைக்கோல் கிலோ 5 ரூபாய், ஈரம் 30 சதவீதம். நல்லா காஞ்சது 6 ரூபாய், ஈரம் 15 சதவீதம். எது மலிவு? ஈரத்தைக் கழிச்சா, முதல் வைக்கோல்ல 100 கிலோவுக்கு 70 கிலோதான் தீனி. அதாவது கிலோ 7.14 ரூபாய். ரெண்டாவதுல 85 கிலோ, கிலோ 7.06 ரூபாய். 6 ரூபாய் வைக்கோல்தான் மலிவு. பணவீக்கத்தைக் கழிக்காம எஃப்.டி. வட்டியைப் பார்க்கிற அதே தப்புதான் இது.

டெல்டாவுல இது குறுவையிலதான் அதிகம். ஜூன் 12 மேட்டூர் திறப்பை நம்பி நட்டது செப்டம்பர், அக்டோபர்ல அறுவடைக்கு வரும். அப்போ வடகிழக்குப் பருவமழையும் வந்து நிக்கும். மெஷின் அறுத்துப் போட்ட வைக்கோல் வயல்லயே நனையும், கரையுற சத்தெல்லாம் மழையோட போயிடும். அதை ஈரத்தோட கட்டு கட்டினா உள்ளே சூடாகி பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை வைக்கோல் தின்ற மாடு, எருமைக்கு வால், காது, கால் அழுகுற டெக்னாலா நோய் வரலாம். வைத்தியச் செலவு வைக்கோல் விலையைத் தாண்டிடும். தை, மாசியில வர்ற சம்பா வைக்கோலுக்கு இந்தத் தொல்லை குறைவு. முடிஞ்சா வருஷத்துக்கு வேண்டியதை அப்பவே வாங்கிப் போர் போட்டுடுங்க, அடியில மேடை வச்சு.

வாங்கும்போது அப்பாவை கட்டுக்குள்ள கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. சூடோ, முக்கின வாடையோ இருந்தா வேண்டாம். சந்தேகமா இருந்தா 100 கிராம் எடுத்து, எடை குறையறது நிக்கிற வரைக்கும் வெயில்ல காயவைக்கட்டும். 80 கிராம்தான் மிச்சம்னா, குறைஞ்சது 20 கிராம் தண்ணி.

உளுந்தங்கொடி வேற கதை. அதுல சத்து இலையிலதான். மொட்டை வெயில்ல போட்டுப் புரட்டினா இலை நொறுங்கி உதிர்ந்து, வெறும் தண்டுதான் மாட்டுக்கு மிஞ்சும். லேசா பனி ஈரம் இருக்கிற காலையில புரட்டி, நிழல்ல ஆறவைக்கணும். இது அம்மாவுக்கு நம்மளைவிட நல்லா தெரியும், கேட்டுப் பாருங்க.