தட்டு எந்தப் பக்கம் இறங்குகிறது?

கோவையில் பீளமேடு, கணபதி, ஆவாரம்பாளையம் வட்டாரம் பம்புக்கும் மோட்டாருக்கும் பெயர் பெற்றது. வார்ப்பு என்றதும் உருகிய இரும்புதான் நினைவுக்கு வரும். ஆனால் வேலை தொடங்குவது பேட்டர்ன் பட்டறையில். மணலில் பதிக்க வேண்டிய வடிவத்தைத் தேக்கிலோ அலுமினியத்திலோ அங்கே முதலில் செய்துகொள்கிறார்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மி.மீ. சுருங்கும், அந்த அளவுக்குப் பேட்டர்ன் பெரிதாக இருக்க வேண்டும். மணல் உதிராமல் அதை உருவி எடுக்கப் பக்கங்களில் ஓரிரு டிகிரி சாய்வும் வேண்டும். மேசையைச் சாய்த்து வைத்து அந்தச் சாய்வைத் தேய்த்துக் கொடுப்பது டிஸ்க் சாண்டர். பல பட்டறைகளில் அதே மோட்டாரில் ஒரு பெல்ட் சாண்டரும் சேர்ந்து ஓடும்.

இரண்டிலும் கத்தி இல்லை, பல் இல்லை. ஓடுவது வெறும் உப்புத்தாள். வட்டரம்பத்தின் முன் விரலை மடக்கிக்கொள்பவர்கூட இதன் முன் அசட்டையாக நிற்பது அதனால்தான்.

கணக்கு வேறு கதை சொல்கிறது. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1440 சுற்று சுற்றும். அதில் 300 மி.மீ. தட்டைப் பொருத்தினால் விளிம்பின் வேகம் விநாடிக்கு 22 மீட்டரைத் தாண்டும். மணிக்கு 80 கி.மீ.க்கு மேல். ஆபத்தைக் கண்டு கையை இழுக்க 0.2 விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் விளிம்பு நாலரை மீட்டர் ஓடியிருக்கும். தட்டின் நடுவிலோ வேகம் பூஜ்ஜியம். ஒரே பலகை ஓரத்தில் கருகுவதும் நடுவில் தேயாமல் நிற்பதும் இந்த வேறுபாட்டால்தான். அழுத்திப் பிடிக்காமல் பலகையை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

எந்தப் பாதியில் தேய்ப்பது என்பது இன்னும் முக்கியம். எதிரில் நிற்பவருக்கு இடஞ்சுழியாகச் சுற்றும் தட்டில் இடப்பாதி கீழே இறங்கும். பலகையை மேசையோடு சேர்த்து அழுத்தும். வலப்பாதி மேலே ஏறும். பலகையைத் தூக்கி முகத்தில் வீசும். எனவே வேலை எப்போதும் இறங்கும் பாதியில். மேசைக்கும் தட்டுக்கும் இடையே ஒன்றரை மி.மீ. அளவுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. விட்டால் சிறு துண்டு அதற்குள் இழுபடும், அதைப் பிடித்திருந்த விரலும் கூடவே போகும். சிறிய துண்டைக் கையில் பிடிக்காமல் பெரிய கட்டை ஒன்றில் ஒட்டிக்கொண்டு தேய்ப்பது நல்லது. மேசையைச் சாய்த்த பிறகு இடைவெளியை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பெல்ட்டின் உட்புறம் அம்புக்குறி போட்டிருந்தால், ஓடும் திசையும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். மாற்றி மாட்டினால் ஒட்டு பிரிந்து பெல்ட் அறுந்துவிடலாம்.

கையைக் காக்கக் கையுறை போடலாமே என்று தோன்றும். இங்கே அது எதிரி. நூல் ஒன்று சிக்கினால் கையுறையோடு கையும் உள்ளே போகும். தோளில் துண்டு, தொங்கும் வேட்டி நுனி, மணிக்கட்டில் கட்டிய சாமிக்கயிறு, மோதிரம் எல்லாம் அதே வகை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 22-ஆம் பிரிவில், ஓடும் எந்திரத்தைச் சோதிக்கவோ அதற்கு எண்ணெய் விடவோ போகிறவர் இறுக்கமான உடை அணிய வேண்டும், அதை நிர்வாகமே தர வேண்டும் என்று எழுதி வைத்தது.

கொங்கு விவசாயிக்குத் தெரிந்த பாதுகாப்பு ஒன்று சில சாண்டர்களில் இருப்பதில்லை. தோட்டத்து மோட்டார் ரூமில் உள்ள ஸ்டார்ட்டரில் கரண்ட் போனதும் நோ-வோல்ட் காயில் பிடியை விட்டுவிடும். கரண்ட் திரும்பினாலும் பச்சைப் பொத்தானை அழுத்தாமல் மோட்டார் ஓடாது. சாதாரண சுவிட்ச் மட்டும் வைத்த சாண்டரோ, கரண்ட் வந்த நொடியில் தானாகக் கிளம்பும். தாள் மாற்றிக்கொண்டிருப்பவரின் கை அப்போது தட்டின் மேல் இருக்கும். தாள் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்குவதும், அந்த ஸ்டார்ட்டரையே சாண்டருக்கும் பொருத்துவதும் பெரிய செலவில்லை.

கண்ணில் படாத ஆபத்து தூசி. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அது தாக்கும் இடம் மூக்கும் அதைச் சூழ்ந்த எலும்பறைகளும். கைக்குட்டை நுண்தூளைத் தடுக்காது. என்-95 முகக்கவசமும் தூசி உறிஞ்சியும் வேண்டும்.

அதே உறிஞ்சியில் அலுமினியத் தூளும் சேர்ந்தால் கதை மாறும். 2014 ஆகஸ்ட் 2 அன்று சீனாவின் குன்ஷான் நகரில், கார் சக்கரங்களை மெருகேற்றிய ஆலையில் அலுமினியத் தூசி வெடித்தது. இறுதிக் கணக்கில் 146 பேர் இறந்தார்கள். தூசி சேரும் பீப்பாயில் ஈரம் புகுந்து, தூளோடு வினைபுரிந்து சூடேறியதே தொடக்கம் என்று விசாரணை கண்டது.

ஆகவே மரத்திலிருந்து அலுமினியப் பேட்டர்னுக்கு மாறும்போது உறிஞ்சிப் பையைக் காலி செய்ய வேண்டும். இரும்பைத் தேய்த்தால் பொறி பறக்கும். மரத்தூள் இருக்கும் பையில் அது விழக்கூடாது. படிந்த தூளைக் கம்ப்ரசர் காற்றால் ஊதினால் அது மேகமாக எழுந்து வெடிக்கத் தயாராகும். மென்மையாகக் கூட்டி அள்ள வேண்டும். அலுமினியத் தூளில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஹைட்ரஜன் வெளிவரும். உலர்ந்த மணலால் மெதுவாக மூட வேண்டும். பவுண்டரியில் மணலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அச்சு கட்டும் பச்சை மணலில் ஈரம் இருக்கும், அது இதற்கு உதவாது. காய்ந்த மணலை மூடிபோட்ட வாளியில் தனியாக எடுத்து, சாண்டருக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும்.