ஃப்ளூ ஊசிக்கு ஒரு துணை

ஃப்ளூ காய்ச்சலுக்கு உயிரைப் பறிகொடுப்பவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். ஃப்ளூ தடுப்பூசி குறைவாக வேலை செய்வதும் அவர்களிடம்தான். வயது ஏற ஏற நோய் எதிர்ப்பு மண்டலம் மந்தமாகிவிடுகிறது. ஊசியில் செல்லும் வைரஸ் புரதத்தை அது அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

அதைத் தட்டி எழுப்பச் சேர்க்கப்படுவதுதான் அட்ஜுவன்ட் என்ற துணைப்பொருள். 1920களில் பிரான்ஸின் காஸ்தோன் ரமோன், தொண்டை அடைப்பான் நோய்க்கு மருந்து எடுக்கக் குதிரைகளுக்கு ஊசி போட்டுவந்தார். போட்ட இடம் வீங்கிச் சீழ் கட்டிய குதிரைகளின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அதிகம் இருந்தது. மரவள்ளி மாவை வேண்டுமென்றே கலந்து போட்டார். பலன் கூடியது.

ஃப்ளூவில் வழிகாட்டியது ஸ்குவாலின். சுறா ஈரலில் நிறைந்திருக்கும் எண்ணெய் இது. மனித உடலிலும் இயல்பாகவே உண்டு. இதை நுண்துளிகளாக நீரில் கலந்த எம்எஃப்59, 1997இல் இத்தாலியில் முதியோருக்கான ஃப்ளூ ஊசியில் சேர்ந்தது. ஊசி ஏறிய தசைக்குப் பாதுகாப்புச் செல்கள் திரண்டு வருகின்றன. வைரஸ் புரதத்தை விழுங்கி, அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுபோகின்றன. எதிர்ப்பொருள் உற்பத்தி அங்கேதான் சூடுபிடிக்கிறது.

பறவைக் காய்ச்சல் ஊசியில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அமெரிக்கா 2007இல் அனுமதித்த ஊசியில் ஒரு தவணைக்கு 90 மைக்ரோகிராம் புரதம். இரண்டு தவணை போட்டும் பாதிப் பேருக்குக்கூடப் போதிய எதிர்ப்பொருள் உருவாகவில்லை. 2013இல் வந்த ஊசியில் ஏஎஸ்03 என்ற ஸ்குவாலின் கலவை சேர்ந்தது. புரதம் 3.75 மைக்ரோகிராமே போதுமானதாயிற்று. ஒருவருக்கான புரதம் 24 பேருக்குப் போதும்! கொள்ளைநோய் பரவும்போது இது எத்தனையோ உயிர்களைக் காக்கும்.

எச்சரிக்கையும் வேண்டும். 2009 பன்றிக் காய்ச்சலின்போது ஏஎஸ்03 கலந்த பாண்டெம்ரிக்ஸ் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கு, குறிப்பாகப் பின்லாந்து, ஸ்வீடன் பிள்ளைகளுக்கு, நார்கோலெப்சி என்ற தூக்க நோய் வந்தது. இதில் துணைப்பொருளின் பங்கு எவ்வளவு, வைரஸ் புரதத்தின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

இப்போது கவனம், பாதுகாப்புச் செல்களில் உள்ள குறிப்பிட்ட ஏற்பியை மட்டும் தூண்டும் மூலக்கூறுகள் பக்கம் திரும்பியிருக்கிறது. அவற்றில் ஒன்று இமிகிமோட். மருவுக்குத் தடவும் அதன் களிம்பை ஹாங்காங் ஆய்வாளர்கள் முதியவர்களின் கையில் பூசி, சில நிமிடம் கழித்து அதே இடத்தில் தோலுக்குள் ஃப்ளூ ஊசி போட்டார்கள். எதிர்ப்பொருள் சீக்கிரமாகவும் கூடுதலாகவும் உருவானது. இமிகிமோட்டின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மூலக்கூறுதான், அலுமினிய உப்போடு சேர்ந்து, ஹைதராபாத்தில் தயாரான கோவாக்சின் என்ற கொரோனா தடுப்பூசி வழியே கோடிக்கணக்கான இந்தியர்களின் உடலில் ஏறியது.