தி கிட்: சாப்ளினும் ஜாக்கி கூகனும்

சார்லி சாப்ளின் எழுதி இயக்கிய 'தி கிட்' (1921) ஒரு பேசாப்படம். கைவிடப்பட்ட குழந்தையை எடுத்து வளர்க்கும் நாடோடியாக அவரும், ஐந்து வயதுச் சிறுவனாக ஜாக்கி கூகனும் நடித்தனர். 1914 இல் பிறந்த கூகனை சாப்ளின் மேடை நிகழ்ச்சி ஒன்றில் கண்டார். செய்து காட்டுவதை அப்படியே திருப்பிச் செய்யும் திறன் சிறுவனிடம் இருந்தது. அதனால்தான் திரையில் இருவரின் உடல்மொழியும் தந்தை, மகனுடையது போலவே பொருந்துகிறது. சிறுவன் கல்லெறிந்து சன்னலை உடைப்பதும், கண்ணாடி பொருத்துபவராகச் சாப்ளின் அவ்வழியே வருவதும் புகழ்பெற்ற காட்சி.

அநாதை விடுதி வண்டியில் சிறுவன் கதறும் காட்சிக்கு அழுகை எளிதில் வரவில்லை. அழாவிட்டால் உண்மையாகவே விடுதிக்கு அனுப்பிவிடுவதாகத் தந்தை மிரட்டியதைச் சாப்ளின் தன்வரலாற்றில் பதிவுசெய்துள்ளார். படப்பிடிப்பு முடிந்ததும் சிறுவனைத் தூக்கித் தேற்றினாராம். அப்பா விளையாட்டுக்குச் சொன்னது தனக்குத் தெரியும் என்று அவன் காதில் கிசுகிசுத்தானாம்.