கைப்பேசி சொல்வது சான்றாகாது

ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்து வடமாலபேட்டைப் பக்கத்தில், பையனுக்கு எழுத்து பிடிபடவில்லை என்றோ, ஓரிடத்தில் அமரமாட்டேன் என்கிறான் என்றோ கவலையுறும் பெற்றோர் இப்போது முதலில் நாடுவது வைத்தியரையும் அல்ல, ஆசிரியரையும் அல்ல. கைப்பேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவையே. அது சில கேள்விகள் கேட்டு, டிஸ்லெக்ஸியாவாக இருக்கக்கூடும் என்று சொல்ல, அந்தத் திரையைப் படம் பிடித்துத் தலைமையாசிரியரிடம் நீட்டுகிறார்கள்; அவர் கைவிரிக்கிறார்; பள்ளி ஆண்டு ஒன்று வீணாகிறது. இது அலுக்குமளவு திரும்பத் திரும்ப நடக்கிறது.

கருவியைப் பழிக்க நான் முற்படவில்லை. பாடத்தை உரக்க வாசித்துக் காட்டுவதும், நீண்ட வினாவைச் சிறு படிகளாகப் பிரித்துத் தருவதும், குழந்தை வாயால் சொல்வதை எழுத்தாக்குவதும் அதற்குக் கைவந்தவை. 2019 இல் போலோ என்ற பெயரில் வந்து பின்னர் ரீட் அலாங் எனப்பட்ட செயலி, குழந்தை வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் வேலையைத் தமிழிலும் தெலுங்கிலும் செய்தது. பயிற்சிக்கு இவை போதும். பரீட்சை மண்டபத்தில் சலுகை வாங்கித் தர இவற்றால் இயலாது.

சலுகையைத் தருவது 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அது பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும், டிஸ்லெக்ஸியா அடங்கும் குறித்த கற்றல் குறைபாடும் உண்டு. கவனக்குறைவுக்கும் மிகைச்செயல்பாட்டுக்கும் தனி இடமில்லை. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிவது பள்ளியின் கடமை என்று 16 ஆம் பிரிவும், கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாட விலக்கு ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்யவேண்டுமென்று 17 ஆம் பிரிவும் விதிக்கின்றன. கடமை தமதென்பதையே அறியாத உத்தியோகஸ்தர்களுக்கு அதை நினைவூட்டும் பாரம், துரதிருஷ்டவசமாக, பெற்றோர் தலையில் விழுகிறது.

ஆகவே, சலுகைக்கு வேண்டிய சான்றைப் பெற, ஆதாருடனும் புகைப்படத்துடனும் கிராம சச்சிவாலயத்துக்கோ மீ-சேவா மையத்துக்கோ சென்று சதரம் எனப்படும் குறைபாட்டுப் பரிசோதனைக்கு நாள் பதிவு செய்து, ரசீதைப் பத்திரப்படுத்திக்கொண்டு, குறித்த நாளில் ஒதுக்கப்பட்ட அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகங்களும், ஆசிரியர் கைப்பட எழுதிய கடிதமும் உடன் இருக்கட்டும். வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் என்ற இந்த எல்லைப்புற நிலையை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்; பழகாத மொழியில் தடுமாறுவதைக் குறைபாடாக எண்ணிவிடும் அபாயம் உண்டு, கைப்பேசிக்கோ அந்த வித்தியாசம் அறவே தெரியாது. கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயது நிரம்பிய பின்பே சான்று என்று 2018 ஆம் ஆண்டு நெறிமுறை வகுத்தது. 2024 இல் நெறிமுறைகள் திருத்தப்பட்டமையால், மறுபரிசோதனை எப்போது என்பதை அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். எட்டு வயது வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. சிறப்பு ஆசிரியர் உள்ள பவிதா மையத்தைப் பற்றி மண்டலக் கல்வி அதிகாரியிடம் விசாரிக்கலாம்.

மறுபடியும் சொல்கிறேன்: திரையைப் பிடித்த படம் சான்றாகாது. அதைவிட மோசமான அசட்டை, மருத்துவ அறிக்கையையும் ஆதாரையும் அரட்டைச் செயலியில் ஏற்றி விளக்கம் கேட்பது. 2023 ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் விவரங்களுக்குப் பெற்றோர் சம்மதத்தை வேண்டுகிறது. அந்தச் சம்மதத்தை நீங்களே கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டால் சட்டம் என்ன செய்யும்? பெயரை நீக்கி, சந்தேகத்தை மட்டும் கேளுங்கள்.

சான்று கைக்கு வந்ததும், பரீட்சைக்கு வெகு முன்பே தலைமையாசிரியரிடம் சலுகை விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள். செயலியிடம் சொல்லிப் பழகிய பிள்ளை, பரீட்சையில் ஒரு மனிதரிடம் சொல்லி எழுதுவிக்க வேண்டியிருக்கும். அதற்கும் சில மாதப் பயிற்சி வேண்டும். பள்ளி மறுத்தால் மண்டலக் கல்வி அதிகாரி. அவரும் அசையாவிட்டால் திருப்பதி கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம். அதற்கும் மேல் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். மருத்துவமனை சான்று மறுத்தாலோ, 59 ஆம் பிரிவின்படி மேல்முறையீடு உண்டு. எங்கு கொடுத்தாலும் இரு பிரதிகளாகக் கொடுத்து, ஒன்றில் தேதியும் முத்திரையும் பெறாமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.